தானாக மடங்கிய வால்

ஜூன் 1, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டுக்கு ஒரு பிணம் வந்தது. டிராக்டரில், வைக்கோல் மெத்தை மேல், கயிறு கட்டி. தெருவே வாசலில் நின்று பார்த்தது. இறக்கி வைத்ததும் எண்ணினேன்: பதினெட்டு தகர இறக்கை, முப்பதடிக் கோபுரத்துக்கான இரும்புச் சட்டங்கள், ஒரு நீள வால். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், துரு. கடையநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருடம் குப்புறக் கிடந்த தண்ணீர் இறைக்கும் காத்தாடி. பஸ் ஜன்னல் வழியாக அம்மா இதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்துபோய்க் கேட்டு, வாங்கியே விட்டாள்.

இந்த நோட்டு பிறந்தபோது இயற்பியல் ரெக்கார்டு நோட்டு. நான் பிறந்தபோது பேச்சியம்மாள். பிளஸ் ஒன் படிக்கிறேன். பேச்சி என்று பெயரும் வைத்துவிட்டு, நாளுக்கு நாற்பது தடவை "பேசாம இருட்டி" என்கிறார்கள். அதனால் பேசாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் போர் எதைப் பற்றி என்றால், போரைப் பற்றித்தான். எண்பது சென்ட் நிலம், நடுவில் ஒரு போர். எண்பதடியில் தண்ணீர் இருக்கிறது, மேலே கொண்டுவர வழி இல்லை. டீசல் கம்ப்ரசர் போன வருடம் தையில் இருமி இருமி உயிரை விட்டது. போருக்குக் கரண்டு கேட்டு எழுதிப் போட்டபோது நான் மூன்றாம் வகுப்பு. நான் பிளஸ் ஒன் வந்துவிட்டேன், கரண்டு இன்னும் வரவில்லை.

இதில் வேடிக்கை, அப்பா வேலை பார்ப்பதே கரண்டுக்குத்தான். ஊருக்கு மேற்கே பாறைமேட்டில் நிற்கும் மூன்று ராட்சதக் காத்தாடிகளுக்கு அவர் வாட்ச்மேன். சாயங்காலம் அதன் நிழல் எங்கள் நிலத்தில் விழுந்து சுற்றும். நிழல் எங்களுக்கு, கரண்டு ஊரைத் தாண்டிப் போய்விடும்.

கம்பெனிக்காரர்கள் நாலாவது காத்தாடிக்கு எங்கள் நிலத்தைக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா.

"நம்ம நெலத்துக்கு நீங்களே வாட்ச்மேனா நிக்கப் போறியளா?" என்றாள் அம்மா.

"போன வருசம் கத்திரிச் செடிக்கு நீ கொடத்துல சொமந்து ஊத்துனத நான் பாத்தேன் முப்பிடாதி. இடுப்பு ஒடிஞ்சு பத்து நாளு படுத்துக் கெடந்த. இன்னொரு தடவ அதப் பாக்க என்னால முடியாது."

அம்மா துருப்பிடித்த இறக்கை ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அதைப் பார்த்துவிட்டு அப்பாவே சொன்னார்: "சரி. ஆடி முடியுத வரைக்கும் பாப்போம். இது மொளகாயக் காப்பாத்திட்டா நெலம் நம்மகிட்ட இருக்கட்டும். இல்லன்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன். பொறவு நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

அம்மா தலையை ஆட்டினாள். மிளகாய் நாற்று நட்டு எட்டு நாள்தான் ஆகிறது.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வேறு துக்கச் செய்தி இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

குற்றாலிங்கம் மாமா தினமும் சுரண்டையில் பட்டறையை அடைத்துவிட்டு இங்கே வருகிறார். அம்மாவுக்குத் தம்பி, எனக்குத் தாய்மாமன், வெல்டிங்கில் புலி. புலிக்குக் கண்ணாடி போட்டால் எப்படி இருக்கும் என்பதை மாமா வெல்டிங் வைக்கும்போது பார்க்கலாம். இறக்கைகளுக்கு நீலப் பெயிண்ட் அடித்தாயிற்று. வாலுக்கு மட்டும் நான் சிவப்புக் கேட்டேன்.

"ஏன், வாலுக்கு வாலு சிபாரிசா?" என்றார் மாமா.

இந்தப் பகையை நான் மறக்க மாட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு. ஆனி ஒண்ணு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கேலிக்கு இடமே இல்லாத ஒரு நாள்.

காலையில் இருபது பேர் வடம் பிடித்துக் கோபுரத்தை நிமிர்த்தினார்கள். போருக்கு நேர்மேலே நான்கு காலையும் ஊன்றி சிமெண்டுத் தளத்தில் போல்ட் முறுக்கினார்கள். மாமா மேலே ஏறி சக்கரத்தையும் வாலையும் மாட்டினார். சக்கரத்திலிருந்து ஒரு நீளக் கம்பி இறங்கிப் போருக்குள் போகிறது. சக்கரம் சுற்றினால் கம்பி மேலும் கீழும் போகும், அடியில் உள்ள பிஸ்டன் தண்ணீரைத் தூக்கும். வால் காற்றைப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பும். காற்று அளவுக்கு மீறினால் கீழே ஒரு லீவர் இருக்கிறது. அதை அமுக்கிக் கொக்கியில் மாட்டினால் ஒரு கம்பிக்கயிறு வாலை மடக்கும். வால் மடங்கினால் சக்கரம் காற்றுக்கு ஓரம் காட்டி நின்றுவிடும். பயந்த நாய் வாலை மடக்கி ஒதுங்குவது போல.

எல்லாம் முடிந்தபோது காற்றே இல்லை. வருடம் முழுக்க வேட்டியைப் பறிக்கும் காற்று இன்று சொந்தக்காரன் மாதிரி, கூப்பிட்ட நேரம் பார்த்து வரவில்லை. எல்லோரும் அண்ணாந்து நின்றோம். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"இது ஈசலு மாப்ள. எங்கது கழுகு," என்றார் மாமாவிடம்.

அப்புறம் மேற்கே, கணவாய்ப் பக்கம், பனைகள் ஒவ்வொன்றாகத் தலையசைக்க ஆரம்பித்தன. தொலைவில் ஒரு பனை, அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அப்புறம் எங்கள் வரப்புப் பனை. யாரோ ஒருவர் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வருவது போல இருந்தது. சிவப்பு வால் மெல்லத் திரும்பியது. பதினெட்டு இறக்கையும் ஒரு தடவை நடுங்கி, சுற்றத் தொடங்கின.

டொக். டொக். டொக்.

குழாயில் முதலில் காற்று வந்தது. பிறகு துருத்தண்ணீர். பிறகு ஒரு தவளை இருமுவது போல ஒரு சத்தம், அதோடு நல்ல தண்ணீர். நான் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். கைக்குள் துடித்தது. எண்பதடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரையும் மேற்கே எங்கிருந்தோ வரும் காற்றையும் என் உள்ளங்கை ஒரே நேரத்தில் தொட்டது. இதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அம்மா ஒரு கை தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னொரு கையை எடுத்துப்போய் அப்பாவிடம் நீட்டினாள். போகிற வழியில் பாதி ஒழுகிவிட்டது. மீதியை அவர் குடித்தார்.

ஜூன் 18, புதன்

தொட்டி நிறைய ஒரு நாள் ஆகிறது. அது நாற்றுக்குப் பாய ஒரு மணி நேரம். அம்மா இப்போது கடிகாரம் பார்ப்பதில்லை, டொக்கைக் கேட்கிறாள். டொக் மெதுவானால் சாப்பாடு, வேகமானால் மண்வெட்டி.

ஜூன் 22, ஞாயிறு

இந்த நோட்டை எடுத்துப் படிப்பவர் மாமா. ஆகையால் இன்று பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை நான் வரப்புப் பனைக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதப் போவதில்லை. கட்டில் பின்னிய பச்சை நைலான் கயிற்றில் ஒரு பாகம் காணாமல் போனதைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. பச்சைக் கயிறு பச்சைப் புல்லுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது பொது அறிவு.

நடந்தது இதுதான். மாமா பக்கத்து வயல் அன்னபாக்கியம் பெரியம்மையிடம் தன் கைவேலையைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். நல்ல காற்று. திடீரென்று வால் மடங்கியது, காத்தாடி நின்றது. மாமா லீவரைப் பார்த்தார், அது மேலேதான் இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு ஏறினார். பாதி ஏறும்போது வால் விரிந்து காத்தாடி சுற்ற ஆரம்பித்தது. இறங்கினார். இறங்கியதும் நின்றது.

என் வலதுகையில் பல் தடம் இருக்கிறது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் ஆகும், ஏதாவது சிரிப்பான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாமா ஏறினார். சுற்றியது. இறங்கினார். நின்றது.

ஜூன் 29, ஞாயிறு

சனியும் ஞாயிறும் ஒவ்வொரு தடவை. ஆக மொத்தம் நாலு. மாமா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"யக்கா, இது கோளாறு இல்ல. காத்து மிஞ்சுத நேரம் வாலு தானா மடங்கிக்கிடுது. பழைய காலத்துக்காரன் அப்படிச் செஞ்சு வச்சிருக்கான். அறிவுன்னா அறிவு."

அறிவுதான். ஆனால் யாருடையது என்று நான் சொல்லவில்லை.

அன்னபாக்கியம் பெரியம்மை ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன அறிவு. நல்லா சுத்துதது நிக்குதுன்னா கண்ணுதான். ஊரே வந்து வாயப் பொளந்து பாத்துச்சுல்லா."

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். கையில் தன்னுடைய பழைய காக்கி யூனிபாரம். சட்டைக்கும் பேண்டுக்கும் வைக்கோல் திணித்தார். மண்சட்டியைக் கவிழ்த்து முகமாக்கி, சுண்ணாம்பில் கண்ணும் மீசையும் வரைந்தார். மாமாவை ஏறச் சொல்லி அந்தத் திருஷ்டிப் பொம்மையை வாலின் அடியில் தொங்கவிட்டார்.

"கழுகுக்கே நாங்க மாசா மாசம் எலுமிச்சம்பழம் கட்டுதோம். ஈசலு, பாவம், சின்னது. இதுக்குக் கட்ட வேண்டாமா?" என்றார்.

அப்பா அந்தக் காத்தாடியிடம் அன்பாகப் பேசி இன்றுதான் கேட்கிறேன். அம்மா சமையலறை வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் வால் மடங்காது, பொம்மைக்குத்தான் பெயர் கிடைக்கும். கிடைத்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 4, வெள்ளி

சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா அதில் ஒரு துண்டு கருவாட்டை வைத்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

மிளகாய் பூத்துவிட்டது. ஒவ்வொன்றும் அரிசிப்பொரி அளவு வெள்ளை. மழை பெய்த ஊர்களில் பூப்பது பெரிய விஷயமில்லை. தென்காசியில் சாரல் விழும், எங்களுக்கு அந்தச் சாரலின் காற்று மட்டும் வரும். சோறு அங்கே, வாசனை இங்கே. இத்தனை வருடமாக வாசனையைத் திட்டிக்கொண்டிருந்தோம். அதை வைத்தே சமைக்கலாம் என்று அம்மாவுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

சாயங்காலம் வரப்பில் படுத்துக் கிடந்தேன். பாறைமேட்டுக் காத்தாடிகளின் நிழல் வயலில் வந்து விழுந்தது. ஒவ்வொரு கையும் ஒரு தெரு நீளம். சத்தமில்லாமல் பூக்களின் மேல் ஏறி, என் மேல் ஏறி, தாண்டிப் போனது. நிழல் பட்டபோது குளிர்ந்தது, விலகியபோது சுட்டது. அந்தப் பிரம்மாண்டமான நிழலுக்கு நடுவே எங்கள் குட்டிச் சக்கரத்தின் நிழல், இட்லித்தட்டு அளவில், வெகுவேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. ஒரே காற்று, இரண்டையும் சுழற்றுகிறது. பெரிசு சின்னசு பார்க்கவில்லை.

பொம்மையும் பார்த்தேன். காற்றில் காலைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒண்ணு

அம்மியும் பறக்கும் மாதம் பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் அம்மி இல்லை, மிக்ஸிதான். அதுவும் பறக்கும், கரண்டு இருந்தால்.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை, இரண்டு உள்ளங்கையும் உரிந்திருந்தது. இன்று பேனாவைத் துணி சுற்றிப் பிடித்து எழுதுகிறேன். இனிமேல் மாமா இதைப் படித்தாலும் பரவாயில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அப்பா பாறைமேட்டிலிருந்து போன் பண்ணினார்.

"ஏட்டி, அம்மைகிட்ட சொல்லு. காத்து ரொம்ப ஏறப் போகுதாம். இங்கன மூணையும் நிறுத்தப் போறாவ. நம்ம காத்தாடி வால மடக்கி வைங்க."

நம்ம காத்தாடி. அதைக் கவனிக்க நேரமில்லை. அம்மா போய் லீவரை அமுக்கினாள், அசையவில்லை. நானும் சேர்ந்து தொங்கினேன், அசையவில்லை. அண்ணாந்து பார்த்தால், பொம்மையின் ஒரு கால் வாலின் கீலுக்குள் சுற்றி இறுகியிருந்தது. காக்கித் துணி, வைக்கோலோடு, கதவிடுக்கில் மாட்டிய பாய் போல.

அம்மா மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே மாமா சிரித்தார்.

"யக்கா, பதறாத. அது தானா மடங்குத வாலு. நாலு தடவ என் கண்ணால பாத்தேம்லா. காத்து இன்னும் ஏறட்டும், அதுவே மடங்கிக்கிடும். துணி என்ன துணி, கிழிஞ்சிட்டுப் போகுது. ஒருத்தரும் மேல ஏற வேண்டாம்."

அம்மா "அப்பாடா" என்று தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். நம்பி உட்கார்ந்துவிட்டாள்.

காற்று ஏறியது. டொக் டொக் என்பது போய் டொடொடொடொ என்றானது. குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது, தொட்டி வழிந்தது, வாய்க்கால் மீறிப் பாத்திகளில் ஏறியது. எங்கள் வாழ்நாளில் அவ்வளவு தண்ணீரை நாங்கள் பார்த்ததில்லை. கோபுரம் அடியிலிருந்து அதிர்ந்தது. ஒரு போல்ட் தெறித்து என் காதுக்குப் பக்கத்தில் விசிலடித்துக்கொண்டு போனது.

"இப்ப மடங்கிரும்," என்றாள் அம்மா. "இந்தா, இப்ப."

அது மடங்காது என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

"யம்மா, அது மடங்காது."

"மாமா சொல்லுதாம்லா."

"மாமாக்குத் தெரியாது. அது ஒருதடவகூட தானா மடங்கல. நாந்தான் வால மடக்குத கம்பிக்கயித்துல கட்டில் கயிறக் கட்டி, பனைக்குப் பின்னால இருந்து இழுத்தேன். மாமாவ ஏய்க்கதுக்கு."

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. பட்டறைச் சத்தம் நின்றுபோனது.

அம்மா என்னைப் பார்த்தாள். "எத்தன தடவ?"

"நாலும்."

அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். திறந்தபோது அம்மா சேலையை நாற்று நடும்போது கட்டுவது போல வரிந்து கட்டிக்கொண்டிருந்தாள். கருக்கரிவாளை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகினாள். "லீவர்ல தொங்கு. நான் அறுத்த ஒடனே எறங்கும். விட்டுராத," என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தாள்.

நான் தொங்கினேன். கால் தரையில் படவில்லை. அண்ணாந்தபடியே இருந்தேன்.

முப்பதடி என்பது பெரிய உயரம் இல்லை என்று நினைத்திருந்தேன். அம்மா ஏறும்போதுதான் அதை அளந்தேன். ஒவ்வொரு படியிலும் காற்று அவளைக் கோபுரத்தோடு சேர்த்து அமுக்கியது, பிறகு இழுத்தது. அமுக்கும்போது நின்றாள். விடும்போது ஒரு படி ஏறினாள். யாரிடம் படித்தாள் என்று தெரியவில்லை. காற்றோடு சண்டை போடாமல், அது மூச்சு வாங்கும் நேரம் பார்த்து ஏறினாள். மேலே போனதும் ஒரு கையால் சட்டத்தை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் அரிவாளை எடுத்தாள். அவள் தலைக்கு இரண்டு முழம் தள்ளி பதினெட்டு இறக்கையும் ஒரே நீல வட்டமாக இரைந்துகொண்டிருந்தன. கொண்டை அவிழ்ந்து முடி கிழக்குப் பக்கமாக விறைத்து நின்றது.

அந்த நேரத்தில் என் கண் மேற்கே போனது. பாறைமேட்டு ராட்சதர்கள் மூவரும் கையைச் சுருக்கி நின்றிருந்தார்கள். ஆடி மாதத்தில் அவை நின்று நான் பார்த்ததே இல்லை. அடிவானம் வரைக்கும் எதுவும் சுற்றவில்லை. அந்தக் காற்றுக்கு முன்னால் எங்கள் சக்கரமும் என் அம்மாவும் மட்டும்தான் இருந்தார்கள்.

எனக்குப் பயமே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. குலதெய்வத்தின் பெயரைக் கூப்பிட்டேன். அது என் பெயரும்தான், ஆனால் நான் என்னைக் கூப்பிடவில்லை.

அம்மா மூன்று தடவை அறுத்தாள். நாலாவதில் பொம்மை பிய்ந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அப்பாவின் சட்டையோடு, மிளகாய் வயலுக்கு மேலே பறந்து பனையைத் தாண்டிப் போனது. லீவர் தடாலென்று இறங்கியது. நானும் அதோடு தரையில் உட்கார்ந்தேன். மாட்டலாம் என்று பார்த்தால் அடித்த அடியில் கொக்கி ஒடிந்துவிட்டது. சிவப்பு வால் மடங்கியது. நீல வட்டம் ஓரம் திரும்பி, இறக்கை இறக்கையாகப் பிரிந்து, நின்றது.

அம்மா உடனே இறங்கவில்லை. மேலேயே நின்று எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொக்கி இல்லாததால் லீவரை விட முடியாது. இறங்கி வந்து அம்மாவும் என் பக்கத்தில் அதன் மேல் உட்கார்ந்தாள். காற்று அடங்க இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் ஒரே கம்பியில் கரிச்சான்குருவி போல உட்கார்ந்திருந்தோம்.

"மேல இருந்து பாத்தா நம்ம நெலம் கைக்குட்ட அளவுதான் இருக்கு," என்றாள். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, "பச்சையா இருக்கு," என்றாள்.

"யம்மா..."

"கட்டில் கயிறத் திரும்பப் பின்னிரு. முதுகுல குத்துது."

அவ்வளவுதான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அப்பா வந்தார். பைக்கின் பின்சீட்டில் பொம்மை உட்கார்ந்திருந்தது. ஓடைக்கரையில் கிடந்ததாம். அம்மா நடந்ததைச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை.

"அப்போ கண்ணு படலியா?" என்றார் அப்பா.

"படல."

"நான் கட்டுன பொம்ம?"

"அது நல்லாத்தான் காவல் காத்துச்சு. வால அசையவே விடல," என்று அம்மா சிரித்துவிட்டாள்.

அப்பா சிரிக்கவில்லை. பொம்மையிலிருந்து சட்டையைக் கழற்றி, வைக்கோலைத் தட்டி, மடித்து வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இவ கையில லீவரக் குடுத்துட்டு இனிமே ஒருத்தன் மேல ஏறுவானா?"

குரலில் கோபமே இல்லை. கணக்குப் போட்டு விடை சொல்வது போலச் சொன்னார்.

ஜூலை 28, திங்கள்

கட்டில் பின்னி முடித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

மாமா கொக்கி அடித்துத் தர வரவில்லை. போனில் மன்னிப்புக் கேட்டேன். "நாலு தடவ ஏறி எறங்குன முட்டி ரெண்டும் இன்னும் வலிக்கி. முட்டிகிட்ட கேளு," என்றார். முட்டியிடமும் கேட்டேன். போனை வைத்துவிட்டார். சிரிப்பை அடக்கத்தான் வைத்தார் என்று நான் நம்புகிறேன்.

அன்று தண்ணீர் தேங்கியதில் கடைசி இரண்டு பாத்தி மிளகாய் அழுகிவிட்டது. மீதி நிற்கிறது. அப்பா வரப்பில் நடந்து பார்த்தார். கம்பெனிக் காகிதம் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. தலை வாரும்போதெல்லாம் தெரிகிறது.

ஆகஸ்ட் 9, சனி

முதல் மிளகாய். அம்மா சாமிக்கு ஒன்று வைத்தாள். நான் ஒன்று கடித்தேன். சாமிதான் புத்திசாலி.

ஆகஸ்ட் 16, சனி. ஆடி கடைசி நாள்

காலையில் எழுந்தபோது டொக் சத்தத்தோடு ஒரு கிறீச்சும் சேர்ந்து கேட்டது. மேலே எங்கோ காய்ந்துபோயிருக்கிறது. கிரீஸ் வைக்க வேண்டும். அதற்குச் சக்கரம் நிற்க வேண்டும். கொக்கி இல்லாததால் கிரீஸ் வைத்து முடிக்கும் வரை ஒருவர் லீவரை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தவர் விட்டால், மேலே இருப்பவரின் கை இறக்கைக்குள் இருக்கும்.

அம்மா வயலின் அந்தக் கடைசியில் களை கொத்திக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடப் போனேன். அதற்குள் அப்பா வேலைக்குப் போகிற சட்டையைக் கழற்றிப் பைக்கில் போட்டுவிட்டு, கிரீஸ் டப்பாவோடு கோபுரத்தடியில் வந்து நின்றார். ஒன்பது வருடமாகக் காத்தாடிக்குக் காவல் இருக்கிறார், ஒன்றில்கூட ஏறியதில்லை.

"அம்மையக் கூப்பிடுதேன்பா. லீவரப் பிடிக்கதுக்கு," என்றேன்.

"ஏன், உனக்குக் கை இல்லியா?"

அவர் ஏற ஆரம்பித்துவிட்டார்.

நான் லீவரை அமுக்கினேன். வால் மடங்கியது, சக்கரம் நின்றது. இரண்டு கையாலும் பிடித்து, போதாது என்று வயிற்றை வைத்து, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். காற்று வாலை விரிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் லீவர் என் வயிற்றை ஒரு விரல் அளவு தூக்கியது. நான் திருப்பி அமுக்கினேன். மூக்கில் ஒரு எறும்பு ஏறியது, ஏறிக்கொள் என்று விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நேரம் ஒன்றுமே செய்யாமல் இருந்ததில்லை.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். அப்பா இறக்கைகளுக்கு நடுவே கையை விட்டு, தோள் வரைக்கும் விட்டு, அச்சில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடக் கீழே என்னைப் பார்க்கவில்லை. முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, அம்மா நின்ற அதே இடத்தில் நின்று வயலைப் பார்த்தார். சிவப்பும் பச்சையுமாகக் கைக்குட்டை. அதற்குள் அம்மா, ஒரு புள்ளி.

"ஏட்டி பேச்சி," என்று மேலிருந்து குரல் வந்தது. "உன் நோட்டுல எழுதி வையி. அடுத்த வருசம் வைகாசி கடைசியில, ஆனிக் காத்து ஏறதுக்கு முந்தி, இதுக்குக் கிரீஸ் வைக்கணும்."

காற்றுப் போகிற திசையில்தான் அம்மா இருந்தாள். சத்தம் அவளுக்கும் போயிருக்க வேண்டும். களைகொத்தி பாதியில் நின்றது. நிமிர்ந்து, கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, கோபுரத்தைப் பார்த்தாள்.

அப்பா இறங்கித் தரையில் கால் வைத்த பிறகு, அவர் "விடு" என்று சொன்ன பிறகு, அதற்கும் பிறகு மூன்று எண்ணிவிட்டுத்தான் லீவரை விட்டேன். வால் விரிந்தது. கிறீச் இல்லை. டொக். டொக். டொக்.

சொன்னபடி எழுதிவைக்கிறேன்:

அடுத்த வருடம், வைகாசி கடைசி. கிரீஸ். ஏறுகிறவர் அப்பா. லீவர், நான்.